பூட்ஸ்காரரின் வெறுங்கால்

டொன் ஒதிலியோ பரியாஸுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்து பத்து மாதமாகிறது. முதுகுக்கு ஒரு குறையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு இன்னொரு கல்யாணமே பண்ணிக்கொள்ளலாம் என்று அவரே சொல்வார், மனைவி ஸொய்லா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. வலிப்பது இடது பாதம். பெருவிரலில் தொடங்கிப் புறங்கால் வரைக்கும் ஒரு சாண் இடம். ஆபரேஷனுக்கு முன்பு அந்தப் பாதம் யார் வம்புக்கும் போனதில்லை என்பது அவருடைய கட்சி. முதுகைச் சரிசெய்யப் போன இடத்தில் கால் எப்படிக் கெட்டது என்று அவர் ஊர் முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டார்.

டாக்டரிடமும் கேட்டார். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"படத்துல எல்லாம் ரொம்ப அழகா இருக்கு டொன் ஒதிலியோ."

"அப்ப அந்தப் படத்தையே நடக்கச் சொல்லுங்க டாக்டர். நான் வீட்டுல படுத்துக்கறேன்."

நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்தது, இப்போது விடுதலையான பிறகு கோபத்தைக் காட்டுகிறது, ஆறுவதற்கு ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு ஆகலாம், ஆறாமலும் போகலாம் என்று டாக்டர் விளக்கினார். பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றும் சொன்னார். கோபத்தை யார்மேல் காட்ட வேண்டுமோ அவர்மேல் காட்டாமல் நம்மேல் காட்டுகிறதே என்று நினைத்துக்கொண்டு டொன் ஒதிலியோ மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். மாத்திரை போட்டால் வலி பாதி குறையும், மூளை முக்கால்வாசி குறையும். ஒருநாள் மாத்திரை மயக்கத்தில் ஒரு ஜோடிக்கு இரண்டு வலது கால் பூட்ஸ் தைத்து வைத்தார்.

அந்த வலியை அடுத்தவருக்குப் புரியவைப்பது வலியைவிடப் பெரிய வேலையாக இருந்தது. வீக்கம் இல்லை, காயம் இல்லை, சிவப்புகூட இல்லை. பார்த்தால் குழந்தையின் கால் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு துணி நுனி பட்டால் போதும், சுரீரென்று இடுப்பு வரை ஏறும். காற்று பட்டால் எரியும். எதுவும் படாவிட்டால் தானாக எரியும். படுக்கையில் போர்வை படாமலிருக்க ஸொய்லா சமையலறையிலிருந்து தொர்தியா என்கிற சோள ரொட்டி வைக்கும் கூடையைக் கொண்டுவந்து பாதத்தின்மேல் கவிழ்த்தாள். அன்றிலிருந்து வீட்டில் தொர்தியாவை வெறுந்தட்டில்தான் வைக்கிறார்கள். அந்தக் கூடையில் வைத்தால் ஒருவரும் தின்ன மாட்டோம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

வந்தவர் போனவர் எல்லாரிடமும் வைத்தியம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சாராயத்தில் ஊறின அருவதா இலை கொண்டுவந்தாள். பங்குக்கோயில் மணியடிப்பவர் மலைப்பாம்புக் கொழுப்பு கொண்டுவந்தார். எல்லாரும் கடைசியில் அதைத் தேய்த்துவிடத்தான் கை நீட்டினார்கள், டொன் ஒதிலியோ போட்ட சத்தத்தில் திரும்பிப் போனார்கள். ஸொய்லாவின் தம்பி நெஃப்தலி எலக்ட்ரீஷியன். அவனுக்கு மட்டும் ஒரு சந்தேகமும் இல்லை.

"மச்சான், உள்ள ஒயரை மாத்திக் குடுத்துட்டானுங்க. முதுகுக்குப் போற லைன் காலுக்குப் போகுது. எர்த் இல்லாம எரியுது. நாலு நாள் ஈரமண்ணுல வெறுங்கால வச்சு நில்லு, தானா எறங்கிடும்."

ஒருநாள் நின்றார். இரண்டு நாள் படுத்தார். அதற்குப் பிறகு நெஃப்தலி வீட்டுக்கு வந்தால் பல்பு மாற்றுவதோடு சரி.

இதெல்லாம் வேறு யாருக்கு வந்திருந்தாலும் பரவாயில்லை. டொன் ஒதிலியோ பூட்ஸ் தைப்பவர். பஸ்தோரெஸ் ஊரில் பூட்ஸ் தைக்காதவர்களை எண்ணிவிடலாம், அந்தத் தெருவில் வாசலுக்கு வாசல் பூட்ஸ்தான் தொங்கும். ஆனாலும் குதி அடிப்பதில் அவர் கை தனி. அவர் அடித்த குதி ஒருபோதும் கழன்றதில்லை. நாலு சென்டிமீட்டர் உயரத்தில் நிமிர்ந்து நிற்கும், போட்டவனும் கூடவே நிமிர்ந்து நிற்பான். அப்பேர்ப்பட்டவர் இப்போது தன் கடையிலேயே ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் உட்கார்ந்திருந்தார். கடற்கரைப் பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். பூட்ஸைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார்.

"உங்க பூட்ஸ் உங்களையே கடிக்குதா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

இடது காலை ஒரு தோல் துண்டுக்குப் பின்னால் மறைத்து வைக்கச் சொன்னாள் ஸொய்லா. வலது காலில் கடையிலேயே சிறந்த பூட்ஸை எப்போதும் மாட்டியிருக்க வேண்டும் என்றும் சட்டம் போட்டாள். "ஒரு காலாவது வியாபாரம் பண்ணட்டும்" என்றாள்.

கடை போனால் போகிறது என்றுகூட அவர் இருந்துவிடுவார். அவரைத் தின்றுகொண்டிருந்தது பெரிய வெள்ளிக்கிழமை. பக்கத்திலிருக்கும் அந்திகுவா நகரத்தில் சான் எவாரிஸ்தோ ஆலயத்தின் சப்பரத்தை இருபத்தொன்பது வருஷமாகத் தூக்கி வருகிறார். ஒரு சுற்றுக்கு எண்பது பேர், ஒரு சுற்று என்பது ஒரு தெரு. பதினேழாம் சுற்றில், இடது பக்கம், இருபத்திரண்டாம் இடம் அவருடையது. ஒரு வருஷம் வராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து நிற்பவனுக்குப் போய்விடும். இது முப்பதாவது வருஷம்.

அது மட்டும் இல்லை. தூக்குவதில் அவர் ஒரு போலீஸ்காரர். தோளைச் சப்பரத்து மரத்துக்குக் கீழே சும்மா வைத்துக்கொண்டு, பாரத்தை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு நடப்பவர்களை அவரால் சகிக்க முடியாது. "கொடியில காயற துணி" என்று அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தார். ஊர்வலம் முடிந்ததும் இன்னார் தூக்கினார், இன்னார் காய்ந்தார் என்று சத்தமாகவே சொல்வார். அவருக்கு முன்னால், இருபத்தொன்றாம் இடத்தில் வருகிற லென்ச்சோதான் அந்தக் கொடியின் நிரந்தரத் துணி. லென்ச்சோ முடிவெட்டுகிறவன், குள்ளம், ஒன்பது வருஷமாக அவருக்கு முன்னால் நுனிக்காலில் தத்தித் தத்தி நடக்கிறான். தோளுக்கு மேலே வெளிச்சம் தெரியும். கல்யாணத்தில் டான்ஸ் ஆடுகிறவன் மாதிரி சாமிக்குக் கீழே வருகிறான் பார் என்று டொன் ஒதிலியோ ஒன்பது வருஷமும் சொல்லிவிட்டார். லென்ச்சோ பதில் பேசியதில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அவரிடமே வந்து, "குதி ஒரு விரல் கூட இருக்கட்டும் டொன்" என்று புது பூட்ஸுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவான்.

இப்படிப்பட்டவர் இந்த வருஷம் போகாமலிருந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அவருக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்ததே அவர்தானே.

தவக்காலத்து முதல் ஞாயிறு அளவெடுப்பு. சப்பரம் தூக்குகிற சபையில் ஒவ்வொருவனுக்கும் தோளுக்கு ஒரு மெத்தை உண்டு. நெட்டையனுக்கு மெல்லிய மெத்தை, குட்டையனுக்குத் தடித்த மெத்தை, எல்லாத் தோளும் ஒரே மட்டத்தில் மரத்தைத் தாங்க வேண்டும் என்பதற்காக. அன்றைக்கு அளவெடுத்துக் கொடுப்பதைத்தான் பெரிய வெள்ளியன்று கொண்டுவந்து மரத்தின் அடியில் தன் இடத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். தடித்த மெத்தை வாங்கினவனை, தலையணை கொண்டுவந்தாயா, தூங்கப் போகிறாயா என்று கேலி செய்வார்கள். அளவெடுப்பவர் டொன் ஒவிதியோ, எழுபது வயது, கண்ணாடி மூக்கு நுனியில் இருக்கும்.

டொன் ஒதிலியோ கடையிலிருந்து அப்படியே வந்திருந்தார். வலது காலில் பூட்ஸ், இடது பாதம் காற்றில். அளவுக்கம்பத்தருகே கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று ஒவிதியோவின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த பூட்ஸை..." என்று ஆரம்பித்த ஒவிதியோ அந்தக் காலைப் பார்த்து இரக்கப்பட்டார். "வேணாம், வேணாம். அப்படியே நில்லுங்க." கம்பத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என்னங்க இது, நாலு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கீங்க."

"வளர்ந்திருக்கேனா?"

"அம்பத்தெட்டு வயசுல. முதுகை நிமித்திட்டாங்க போல."

ஆபரேஷனுக்குப் பிறகு டொன் ஒதிலியோவுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அது. அப்படியானால் அந்த டாக்டர் எதையோ செய்துதான் இருக்கிறார். தாள் மாதிரி மெல்லிய மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஸொய்லாவிடம் சொன்னார்.

"நாலு சென்டிமீட்டர். அளந்து பாத்தே சொன்னாரு."

ஸொய்லா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப பேன்ட் ஏன் குட்டையாகல?"

"பேன்ட் கீழ இருக்கு. வளர்ந்தது மேல."

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று அவள் பீன்ஸ் பானையைக் கிளறப் போனாள். அவர் அந்த நாலு சென்டிமீட்டரை ஒரு வாரம் தெருவெங்கும் கொண்டு திரிந்தார்.

தோளுக்கு மெத்தை கிடைத்துவிட்டது, காலுக்கு ஷூ இல்லை. சபை ஊர்வலத்துக்கு வெறுங்காலோடு போக முடியாது, கறுப்பு ஷூ கட்டாயம். தவக்காலம் பூராவும் அவர் தன் பாதத்துக்கே வாடிக்கைக்காரராக இருந்தார். அவர் பார்த்ததிலேயே கேவலமான வாடிக்கைக்காரர் அதுதான். ஆட்டுக்குட்டித் தோலில் தைத்தார், பிடிக்கவில்லை. தையல் இல்லாமல் ஒரே தோலாக இழுத்துக் கட்டினார், பிடிக்கவில்லை. உள்ளே கம்பளி வைத்தார், கம்பளி எரிந்தது. குதி வைத்தாலோ உடம்பின் கனம் முன்னால் சரிந்து விரல்களில் இறங்கியது, அவர் பட்டறையைப் பிடித்துக்கொண்டு மாதாவை அழைத்தார். பதினோரு ஷூ பாழானது. பன்னிரண்டாவது, குதியே இல்லாமல் தட்டையாக, இரண்டு கால் நுழையும் அகலத்தில், மோட்டார் எண்ணெய் தடவின ரொட்டி மாதிரி வந்தது. பாதம் அதை மன்னித்தது. நொண்டாமல் நடக்க வலது காலுக்கும் அதே மாதிரி ஒன்று தைத்தார்.

ஸொய்லா அந்த ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார், அவள் சிரிக்கவில்லை.

"ஒதிலியோ, போக வேணாம். டாக்டர் பத்து கிலோன்னாரு."

"எண்பது பேர் தூக்கறோம். ஆளுக்குப் பத்து கிலோகூட வராது."

"ரெண்டு டன்னு மச்சான்" என்றான் நெஃப்தலி, பல்பு மாட்டிக்கொண்டிருந்த ஏணியிலிருந்து. "ஆளுக்கு இருபத்தஞ்சு."

"நீ பல்பைப் பாரு."

"மறுபடி அந்த முதுகு போச்சுன்னா?" என்றாள் ஸொய்லா.

"பத்து மாசமா என்னை எல்லாரும் தாங்கறீங்க ஸொய்லா. ஒரு தெருவுக்கு நான் எதையாவது தாங்கணும்" என்றார். அவள் ஷூவைக் கீழே வைத்துவிட்டு அவருடைய ஊர்வல ஊதா அங்கியை இஸ்திரி போடப் போனாள்.

பெரிய வெள்ளிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் பதினேழாம் சுற்று மூலையில் நின்றது. தெருவெங்கும் மரத்தூள் கம்பளம், சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்டது. பேண்டு வாத்தியம் பின்னால் அழுதுகொண்டு வந்தது. டொன் ஒதிலியோவுக்கு இருந்த பயம் சப்பரத்தைப் பற்றியது அல்ல, பின்னால் இருபத்து மூன்றாம் இடத்தில் வருகிறவனைப் பற்றியது.

"தம்பி, என் இடது காலை மிதிச்சா நான் சாமிக்கு முன்னால கெட்ட வார்த்தை சொல்லிடுவேன். அந்தப் பாவம் உன்னைச் சேரும்."

அவன் இரண்டடி தள்ளி நின்றான். பதினாறாம் சுற்று இறங்கியது, இவர்கள் உள்ளே நுழைந்தார்கள். மெத்தையைக் கொக்கியில் மாட்டினார், தோளைக் கொடுத்தார், கண்ணை மூடினார். மணி அடித்தது. எண்பது தோளும் எழும்பின. சப்பரம் எழும்பியது. டொன் ஒதிலியோ பல்லைக் கடித்துக் காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை.

கண்ணைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தார். தோளுக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெளிச்சம். முன்னால் இருப்பவன் யாரோ அதிகமாகத் தூக்குகிறான் என்று முதலில் கோபம் வந்தது. நாலடி நடந்தார். வெளிச்சம் கூடவே வந்தது. பிறகு குனிந்து, கம்பளத்தில் புதைந்து எழும் தன் இரண்டு ரொட்டிகளையும் பார்த்தார். தட்டை. அளவெடுத்த அன்று வலது காலில் என்ன இருந்தது என்று நினைத்தார். நாற்பது வருஷமாக நாலு சென்டிமீட்டர் குதி அடித்துப் பிழைக்கிற மனிதர், குதி போட்டால் ஆள் நாலு சென்டிமீட்டர் உயருவான் என்பதை மறந்துவிட்டு டாக்டருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

டாக்டர் சொல் காப்பாற்றப்பட்டது. ஸொய்லா பயந்ததும் நடக்கவில்லை. பேசாமல் தோளை மரத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு தெரு முடிகிறவரை நடந்தால் இருபத்திரண்டாம் இடம் பத்திரம், முப்பது வருஷம் பூர்த்தி. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவருக்கு அழுகை வந்தது. கொடியில் காய்கிற துணி, வேறு யாரும் இல்லை, அவரேதான்.

சப்பரம் இடமும் வலமுமாக ஆடி ஆடித்தான் நகரும். இடது பக்கம் சாயும்போது மரம் கொஞ்சம் இறங்குவதைக் கவனித்தார். அடுத்த முறை சாய்ந்தபோது நுனிக்காலில் எம்பினார். இடது கால்தான் ஊன்றும் முறை. விரல்களில் யாரோ கொதிக்கும் எண்ணெயை ஊற்றியது போலிருந்தது, கண்ணில் பொறி பறந்தது, ஆனால் தோளில் மரம் பட்டது. கனம் ஒன்றும் இல்லை. பட்டது, அவ்வளவுதான். இறங்கினார். மறுபடி சாய்ந்தது, மறுபடி எம்பினார்.

அப்படி ஏழெட்டு முறை எம்பிய பிறகுதான் தலை நிமிர்ந்து முன்னால் பார்த்தார். லென்ச்சோ தத்திக்கொண்டிருந்தான். சாயும்போது எம்புகிறான், நிமிரும்போது இறங்குகிறான். அவன் காலில் தட்டைக் கறுப்பு ஷூ. அளவெடுப்புக்கு அவன் எந்தக் குதியைப் பேன்ட்டுக்குள் மறைத்துக்கொண்டு போவான் என்று டொன் ஒதிலியோவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையணை வாங்கக் கூசி, ஒவ்வொரு வருஷமும் ஒரு விரல் கூடுதலாகக் கேட்ட குதியை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஒன்பது வருஷம் அவன் காயவில்லை. எட்டாததை எட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். அவமானத்தில் டொன் ஒதிலியோவுக்குக் காது சுட்டது.

தெரு முடிந்தது. மணி அடித்தது, பதினெட்டாம் சுற்று உள்ளே புகுந்தது. அவர் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றினார். லென்ச்சோ பக்கத்தில் வந்து, வழக்கமான வசவுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"லென்ச்சோ, உன் தோள்ல மரம் படுதா?"

"இந்த வருஷம் மூணு தடவை பட்டுச்சு டொன்" என்றான் அவன் தயங்கி. "போன வருஷம் ஒண்ணுதான்."

"எனக்கு பதினொண்ணு."

லென்ச்சோ அவரைப் பார்த்தான், வெறுங்காலைப் பார்த்தான், தட்டை ஷூவைப் பார்த்தான். முடிவெட்டுகிறவன் ஆனாலும் புரிந்துகொண்டான்.

"அந்தக் காலை வச்சுக்கிட்டா எம்புனீங்க?"

"உனக்கு என்ன வந்துச்சு, ஒம்பது வருஷம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா தலையணை குடுத்துருவாங்களே."

டொன் ஒதிலியோ சிரித்தார். சிரித்ததில் கால் அதிர்ந்து வலித்து, சிரிப்பு பாதியில் முனகலானது. "உன்னை நான் ரொம்பப் பேசிட்டேன்டா" என்றார். அதைச் சொல்லும்போது லென்ச்சோவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஸொய்லா வந்து சேர்ந்தாள். "முதுகு?"

"முதுகுக்கு ஒண்ணும் இல்ல."

"கால்?"

இத்தனை மாதமாக அவள் கேட்கும்போதெல்லாம் ஏதாவது வேடிக்கை பேசியே சமாளித்து வந்தவர். "செத்துப்போற மாதிரி வலிக்குது ஸொய்லா. ஒரு அடி எடுத்து வைக்க முடியாது" என்றார்.

நெஃப்தலியின் வண்டி இரண்டு தெரு தள்ளி நின்றது, கூட்டத்துக்குள் அதை இங்கே கொண்டுவர வழியில்லை. ஸொய்லா சுற்றும்முற்றும் பார்த்தாள். லென்ச்சோ குனிந்து, டொன் ஒதிலியோவின் இடது கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். குள்ளத் தோள், அவருடைய கக்கத்துக்குச் சரியாக வந்து பொருந்தியது. டொன் ஒதிலியோ முதலில் கூச்சப்பட்டு மெல்லச் சாய்ந்தார். இரண்டடி போனதும் வலி பொறுக்காமல் முழு உடம்பையும் அவன்மேல் போட்டார். லென்ச்சோவின் முழங்கால் மடங்கி மறுபடி நிமிர்ந்தது.

"ரொம்பக் கனமா இருக்கேனா?"

"ரொம்பக் கனம் டொன்" என்றான் லென்ச்சோ. அவன் முகம் பூரித்துப் போயிருந்தது. "அசையாம வாங்க. விட மாட்டேன்."